எந்தப் புரதத்துக்கும் சொந்தமில்லாத அடையாளம்

ரத்தப் பிரிவு என்றதும் நமக்கு ஏ, பி, ஓ, கூடவே ஆர்எச் ஞாபகம் வரும். ரத்த வங்கி நிபுணர்களின் பட்டியல் அதைவிட மிக நீளம். சிவப்பணுவின் மேற்பரப்பில் முந்நூறுக்கும் மேற்பட்ட அடையாளங்களை அவர்கள் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் ஒன்று ரைட்-பி. கிட்டத்தட்ட எல்லா மனிதர்களின் சிவப்பணுக்களிலும் இது இருக்கிறது. இந்த அடையாளம் எந்தப் புரதத்தின் மேல் இருக்கிறது என்ற கேள்விக்கு 1995-ல் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் விடை கண்டார்கள். பேண்ட் 3 என்ற புரதச் சங்கிலியின் 658-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருந்தால் ரைட்-பி. அதே இடத்தில் லைசின் இருந்தால் அது மிக அரிதான ரைட்-ஏ. ஒரு புரதம், ஒரு இடம், ஒரு எழுத்து மாற்றம். வழக்கு முடிந்தது என்றே தோன்றும். ஆனால் கிளைகோஃபோரின்-ஏ என்ற வேறொரு புரதம் பிறவியிலேயே இல்லாத சிலர் உண்டு. அவர்களுடைய பேண்ட் 3 இருக்கிறது, 658-ஆவது இடத்தில் குளூட்டாமிக் அமிலமும் இருக்கிறது. ரைட்-பி மட்டும் இல்லை. ரைட்-பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருளை அந்த ரத்தத்தில் விட்டால் ஒட்டாமல் நிற்கிறது. சவ்வில் பேண்ட் 3-உம் கிளைகோஃபோரின்-ஏ-யும் உரசி நிற்கும்போது, அந்த உரசலில் உருவாகும் வடிவத்தைத்தான் எதிர்ப்பொருள் அடையாளம் காண்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் மாதிரி. ஒரு வீட்டை இடித்துவிட்டால் பொதுச்சுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தச் சின்ன விநோதத்தை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. உயிரணுச் சவ்வில் இருக்கும் புரதங்களை நாம் படிக்கப் பழகிய விதம், ஒவ்வொன்றையும் தனித்தனி ஆளாகப் பார்ப்பது: இது அயனி கடத்துவது, இது சமிக்ஞை வாங்குவது, இது ஒட்டிக்கொள்வது. பாடநூல் படங்களும் அப்படித்தான் வரைகின்றன. கொழுப்புக் கடலில் ஆளுக்கொரு மூலையில் மிதக்கும் வண்ண உருண்டைகள். மனித மரபணுக்களில் ஏறத்தாழ கால் பங்கு இத்தகைய சவ்வுப் புரதங்களுக்கானவை என்பதால், அவற்றை எப்படிப் பார்க்கிறோம் என்பது சில்லறை விஷயம் இல்லை. சவ்வைப் பொறுத்தவரை ஒரு புரதம் என்ன செய்யும், எங்கே நிற்கும், சிலசமயம் இருக்குமா இருக்காதா என்பதையே அதன் அண்டை அயல்தான் தீர்மானிக்கிறது. நோய்களைப் புரிந்துகொள்ள மரபணுப் பட்டியலைவிட இந்தப் பிணைப்புகளின் வரைபடம்தான் அதிகம் உதவுகிறது என்பது என் வாதம். இதற்குச் சிவப்பணுவைவிட நல்ல சாட்சி கிடையாது. கரு இல்லை, உள்ளறைகள் இல்லை. ஒரே ஒரு சவ்வு, அதற்குள் ஹீமோகுளோபின்.

முதலில் அந்த அணுவின் வேலையைப் பார்த்துவிடலாம். ஓட்டை விழாத மெதுவடை போல நடுவில் குழிந்த தட்டு. விட்டம் சுமார் 8 மைக்ரோமீட்டர். அது நுழைய வேண்டிய நுண்குழாய்கள் சில 3 மைக்ரோமீட்டர் அகலம்தான். மண்ணீரலில் இருக்கும் இடுக்குகளோ இன்னும் குறுகல். ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை உடலைச் சுற்றி வந்து, 120 நாள் இப்படிப் பிதுங்கிப் பிதுங்கி வெளியேறி, ஒவ்வொரு முறையும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். வெறும் கொழுப்புப் படலத்தால் இது ஆகாது; கிழிந்துவிடும். இதற்கு அதன் கைவசம் இருக்கும் முதல் மூலதனம் உபரித் தோல். அதே கொள்ளளவை ஒரு பந்துக்குள் அடக்கத் தேவைப்படும் பரப்பைவிடச் சிவப்பணுவின் சவ்வு சுமார் 40 சதவீதம் அதிகம். தளர்ந்த பை நிறைய நீர் இருந்தால் அதை எந்த ஓட்டை வழியாகவும் இழுத்துவிடலாம். முட்ட முட்ட ஊதிய பலூனை இழுக்க முடியாது. இரண்டாவது மூலதனம் சவ்வின் அடியில் இருக்கும் வலை.

அந்த வலையைக் கண்டுபிடித்த கதையில் ஆய்வகத்தின் கைவேலை தெரியும். சிவப்பணுக்களை உப்பு குறைந்த நீரில் போட்டால் அவை வீங்கி, ஹீமோகுளோபின் வெளியே வழிந்து, வெளிறிய கூடுகள் மிஞ்சும். ஆங்கிலத்தில் இவற்றுக்குப் பேய் என்றே பெயர். 1968-ல் மார்கெசியும் ஸ்டியர்ஸும் இந்தப் பேய்களிலிருந்து பிரித்தெடுத்த நீளமான புரதத்துக்கு, ஆவி என்று பொருள்படும் சொல்லிலிருந்து ஸ்பெக்ட்ரின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து ஃபேர்பேங்க்ஸ், ஸ்டெக், வாலக் மூவரும் கூடுகளைக் கரைத்து, ஜெல்லில் மின்சாரம் செலுத்திப் புரதங்களை எடை வாரியாகப் பிரித்து, நீலச் சாயம் பூசி, மேலிருந்து கீழாகத் தெரிந்த கோடுகளுக்கு எண் போட்டார்கள். ஒன்றும் இரண்டும் ஸ்பெக்ட்ரின். மூன்றாவது கோடு பட்டையாகத் தெரிந்தது. அதுதான் பேண்ட் 3, ஓர் அணுவுக்குப் பத்து லட்சம் பிரதிகள். அதன் கீழே 4.1, 4.2 என்று போகிறது. வீட்டு நம்பரே பேராகிப்போன புரதங்கள் இவை. ஐம்பது வருடம் கழித்தும் யாரும் மாற்றவில்லை. கிளைகோஃபோரின் இந்தப் பட்டியலில் இடம்பெறாததற்கு ஒரு வேடிக்கையான காரணம் உண்டு: அதன் மேல் சர்க்கரை அவ்வளவு அடர்த்தி, நீலச் சாயம் பிடிக்கவே பிடிக்காது. சர்க்கரையைக் காட்டும் வேறு சாயம் போட்டால்தான் தெரியும்.

அடுத்த அடி 1973-ல். கூடுகளை டிரைட்டன் என்ற மென்மையான சோப்புக் கரைசலில் விட்டார்கள். கொழுப்பும் பெரும்பாலான சவ்வுப் புரதங்களும் கரைந்துபோயின. ஆனால் மிச்சம் கலைந்து பரவவில்லை. சவ்வே இல்லாமல், சவ்வு இருந்த வடிவத்திலேயே ஓர் ஓடு நின்றது. ஸ்பெக்ட்ரினும் ஆக்டினும் பின்னிய வலை அது. இன்று அதன் பின்னல் முறை தெளிவாகவே தெரியும். இரண்டு ஸ்பெக்ட்ரின் சோடிகள் தலைக்குத் தலை சேர்ந்து, முழுக்க இழுத்தால் 200 நானோமீட்டர் வரும் ஒரு கயிறாகின்றன. குட்டையான ஆக்டின் முளை ஒவ்வொன்றிலிருந்தும் ஏறத்தாழ ஆறு கயிறுகள் கிளம்புகின்றன, 4.1 புரதம் அந்த முடிச்சை இறுக்குகிறது. இந்த வலையைச் சவ்வோடு கட்டும் கொக்கிதான், நங்கூரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்ற ஆங்கிரின். அது ஒரு கையால் ஸ்பெக்ட்ரினையும் மறுகையால் பேண்ட் 3-ஐயும் பிடித்திருக்கிறது. பிடி தளராமல் 4.2 உடன் நிற்கிறது.

கல்யாணப் பந்தலை நினைத்துக்கொண்டால் இந்த அமைப்பு பிடிபடும். மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி ஒரு சட்டம். அதன் மேல் துணி. துணியை மூங்கிலோடு சேர்த்து ஆங்காங்கே கயிற்றால் கட்டியிருப்பார்கள். இதில் இரண்டு விதமான கட்டுகள் உண்டு. மூங்கிலை மூங்கிலோடு கட்டுவது கிடைவாட்டுக் கட்டு. துணியை மூங்கிலோடு கட்டுவது செங்குத்துக் கட்டு. செங்குத்துக் கட்டு அவிழ்ந்தால் காற்றில் துணி உப்பி, அங்கங்கே கிழிந்து பறக்கும். சட்டம் அப்படியே நிற்கும். மூங்கில் கட்டு தளர்ந்தால் துணி கிழியாது, பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றுவிடும். சிவப்பணுவின் இரண்டு பரம்பரை நோய்கள் இந்த இரண்டு விபத்துகள்தான்.

முதலாவது பரம்பரைக் கோளச் சிவப்பணு நோய். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் 2,000 பேருக்கு ஒருவருக்கு இருக்கிறது. ஆங்கிரின், பேண்ட் 3, 4.2, ஸ்பெக்ட்ரினின் ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு இழைகள் ஆகிய ஐந்தில் எதன் மரபணு பழுதானாலும் வரும் நோய் இதுவே. ஐந்தும் செங்குத்துக் கட்டின் உறுப்பினர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டில்லாத இடத்தில் சவ்வு உப்பிச் சிறு குமிழ்களாகப் பிய்ந்து போகிறது, அந்த 40 சதவீத உபரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது, தட்டு பந்தாகிறது, மண்ணீரலின் இடுக்கில் நுழைய முடியாமல் மாட்டி அழிகிறது. ரத்தச்சோகை, மஞ்சள் காமாலை, வீங்கிய மண்ணீரல். மண்ணீரலை எடுத்துவிட்டால், அணுக்கள் பந்தாகவே இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்கு ரத்தச்சோகை அடங்கிவிடுகிறது. இரண்டாவது பரம்பரை நீள்வட்டச் சிவப்பணு நோய். ஸ்பெக்ட்ரின் தலைக்குத் தலை சேரும் இடத்திலோ 4.1-இலோ பழுது, அதாவது கிடைவாட்டுக் கட்டு. நுண்குழாயில் பிதுங்கும்போது எல்லாச் சிவப்பணுவும் நீள்வட்டமாகும். இவை மட்டும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதில்லை. பலருக்கு இதனால் தொந்தரவே இருப்பதில்லை.

இப்போது மரபணுப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இந்த நோய்களை விளக்க முயலுங்கள். ஐந்து வெவ்வேறு மரபணுக்கள் ஒரே நோயைத் தருகின்றன. பீட்டா ஸ்பெக்ட்ரின் என்ற ஒரே மரபணுவோ இரண்டு நோய்களைத் தருகிறது: புரதமே உருவாகாவிட்டால் கோளம், உருவாகி அதன் நுனிக் கட்டு மட்டும் கெட்டால் நீள்வட்டம். பட்டியல் இங்கே மௌனமாகிவிடும். கட்டுகளின் வரைபடத்தை எடுத்துப் போட்டால் எல்லாம் தன்னால் இடத்தில் உட்காருகின்றன. இன்னொரு நுணுக்கமும் உண்டு. பீட்டா ஸ்பெக்ட்ரினின் இரண்டு பிரதிகளில் ஒன்று கெட்டாலே கோள நோய் வரும். ஆல்ஃபா ஸ்பெக்ட்ரினில் இரண்டும் கெட வேண்டும். ஏனென்றால் அணு, ஆல்ஃபாவைத் தேவைக்குமேல் சில மடங்கு தயாரிக்கிறது. சோடி சேர பீட்டா கிடைக்காத ஆல்ஃபாக்கள் சிதைக்கப்படுகின்றன. ஆக, ஒரு நோய் ஓங்கு மரபா ஒடுங்கு மரபா என்பதுகூட யாருக்கு எத்தனை ஜோடி கிடைக்கிறது என்ற கணக்கில் முடிகிறது. ஆங்கிரின் குறைந்த நோயாளியின் சவ்வை ஜெல்லில் ஓட்டினால் ஸ்பெக்ட்ரின் கோடும் மெலிந்து தெரியும். ஸ்பெக்ட்ரின் மரபணுவில் எந்தத் தப்பும் இல்லை; கட்டிப்போட கொக்கி இல்லாததால் அது தங்கவில்லை.

இதைவிட அழுத்தமான சாட்சி ஆர்எச்-நல் ரத்தம். 1961-ல் ஆஸ்திரேலியாவில் முதலில் கண்டறியப்பட்டது. ஆர்எச் அடையாளம் ஒன்றுகூட இல்லாத, உலகின் மிக அரிதான ரத்தங்களில் ஒன்று. ஆர்எச் என்பது தானம் கொடுக்கும்போது பார்க்கும் முத்திரை மட்டும் என்றால், அது இல்லாததால் அணுவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. ஆனால் ஆர்எச்-நல் அணுக்கள் குழிவின் வடிவம் மாறி, சீக்கிரமே அழிகின்றன. லேசான ரத்தச்சோகை தொடர்கிறது. ஆர்எச் புரதங்கள் பேண்ட் 3, ஆங்கிரின் கூட்டத்தில் சேர்ந்தவை. அவை போனால் கட்டும் தளர்கிறது. இதில் ஒரு வகையினருக்கு ஆர்எச் மரபணுக்கள் முழுசாக இருக்கின்றன. கெட்டிருப்பது ஆர்எச்-ஏஜி என்ற துணைப் புரதம். துணை இல்லாமல் ஆர்எச் புரதம் மேற்பரப்பை எட்டுவதே இல்லை. என்னைச் சாப்பிடாதே என்று விழுங்கணுக்களுக்குச் சைகை காட்டும் சிடி47-உம் இப்படித்தான், மனிதர்களில் 4.2 புரதம் இல்லாவிட்டால், தன் மரபணுவில் எந்தக் குறையும் இல்லாமலே சிடி47 பெருமளவு குறைந்துவிடுகிறது.

சரி, சிவப்பணு ஒரு விதிவிலக்கு, கரு இல்லாத, புதிதாகப் புரதம் செய்ய முடியாத ஒரு பையை வைத்து உடம்பிலுள்ள எல்லாச் சவ்வுக்கும் நியாயம் சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் இதயத்தில் இருக்கிறது. இதயத் துடிப்பின் மின் இடைவெளி நீண்டு திடீர் மரணம் வரை போகும் க்யூடி நோய்களில், மற்றதெல்லாம் அயனிக் கால்வாய்களின் பழுது என்று தெரிந்திருந்தபோது, பிரான்சின் ஒரு குடும்பத்தில் வந்த நான்காவது வகைக்கு மட்டும் எந்தக் கால்வாயிலும் தப்பு கிடைக்கவில்லை. 2003-ல் மோலரும் பென்னட்டும் காட்டினார்கள்: கெட்டது ஆங்கிரின்-பி, நம் சிவப்பணு ஆங்கிரினின் உறவுக்காரர். கொக்கி கெட்டதால் சோடியம், கால்சியம் கடத்தும் புரதங்கள் தம் இடத்தில் நிற்கவில்லை. அவை ஒவ்வொன்றும் தன்னளவில் நல்லவைதான். அடுத்த ஆண்டே மறுபக்கமும் தெரிந்தது: இதயத் துடிப்பின் இன்னொரு கோளாறான புருகாடா நோய் உள்ள ஒருவரின் சோடியம் கால்வாயில், ஆங்கிரின்-ஜி பிடிக்கும் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருந்தது, கால்வாய் மேற்பரப்புக்கு வந்து சேரவில்லை. நரம்பணுவில் துடிப்பு கிளம்பும் இடத்தில் சோடியம் கால்வாய்களைக் கூட்டமாக நிறுத்தி வைப்பதும் இதே ஆங்கிரின்-ஜி. சிவப்பணு விதிவிலக்கு என்பதைவிட, எளிதாகக் கிடைத்த முதல் உதாரணம் என்பதே சரி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. இந்தப் பிணைப்புகளை எப்படிக் கண்டோம்? சவ்வைச் சோப்பால் கரைத்து. கரைக்கும்போது உண்மையான ஒட்டு விட்டுப்போகலாம். எப்போதும் சந்தித்திராத இரண்டு புரதங்கள் கரைசலில் முட்டி ஒட்டிக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கோடுகளோடு வெளியாகும் நவீன வலைப் படங்களில் எத்தனை கோடு உயிருள்ள அணுவில் இருக்கிறது? இந்தச் சந்தேகத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1989-ல் வந்த ஈஸ்ட் இரட்டைக் கலப்பு முறை, இரண்டு புரதங்கள் சேர்ந்தால் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும்படி செய்தது. ஆனால் அந்தச் சந்திப்பு கருவுக்குள் நடந்தாக வேண்டும். சவ்வில் ஊன்றியிருக்கும் புரதம் கருவுக்குள் எப்படிப் போகும்? எனவே ஆரம்பகாலப் பெரிய வரைபடங்களில் சவ்வுப் பகுதி கிட்டத்தட்ட வெற்றிடம். பிறகு யுபிகுவிட்டின் என்ற சிறு புரதத்தை இரண்டாகப் பிளந்து, சவ்விலேயே சந்திப்பைப் பதிவுசெய்யும் முறை வந்தது. 2012-ல் இன்னொன்று: புரதத்தோடு ஒரு பாக்டீரியா நொதியைச் சேர்த்துவிட்டால், அது பத்து நானோமீட்டர் சுற்றுவட்டத்தில் வருவோர் போவோர் மீதெல்லாம் பயோட்டின் முத்திரை குத்தும், சோப்புப் போடும் முன்பே அண்டை வீட்டார் யாரென்று பதிவாகிவிடும். அதிலும் குறை உண்டு. பக்கத்தில் நிற்பதும் கைகோத்து நிற்பதும் ஒன்றில்லை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நின்றவரெல்லாம் சொந்தக்காரராகிவிடுவதில்லை.

ஆகவே ஒரு கருவியின் கோட்டை வேறு கருவி ஆமோதிப்பது போதாது. இரண்டும் ஒரே மாதிரி ஏமாறலாம். என் கணக்கில் நம்பகமான நடுவர் மரபியல். இயற்கையே ஒரு புரதத்தை நீக்கிய மனிதரிடம், உடன் எது சரிகிறது என்று பார்ப்பது. சிவப்பணு வரைபடத்தின் முக்கியமான கோடுகள் இந்தச் சோதனையில் தேறியவை: ரைட்-பி, ஆர்எச்-நல், 4.2 இல்லாதவரின் சிடி47. கூடவே இப்போது நேரடிப் படமும் கிடைத்திருக்கிறது. 2022-ல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, மனிதச் சிவப்பணுவிலிருந்து எடுத்த ஆங்கிரின் கூட்டத்தை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் பிடித்தது. பேண்ட் 3, 4.2, கிளைகோஃபோரின்கள், ஆர்எச், ஆர்எச்-ஏஜி எல்லாம் ரத்தப் பிரிவு ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாக ஊகித்த மாதிரியே உடன் இருந்தன. எதிர்பாராத விருந்தாளியாக, நீர் கடத்தும் அக்வாபோரின்-1 ஒன்றும் ஆங்கிரினைப் பிடித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு குறை சொல்லலாம்: வரைபடம் அசையாமல் இருக்கிறது, அணு அசைகிறது. இது ஆட்சேபமே இல்லை, என் வாதத்துக்கு இன்னொரு சான்று. பேண்ட் 3-இன் உட்பக்க நுனியில், ஆங்கிரின் பிடிக்கும் இடத்துக்கு மிக அருகே, ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் வந்து அமரும் இடம் இருக்கிறது. அது அமர்ந்தால் ஆங்கிரின் பிடி நழுவுகிறது என்று பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் லோ குழு 2013-ல் காட்டியது. அதாவது நுரையீரலில் இறுக்கமும் திசுக்களில் தளர்வுமாக, இந்தக் கட்டு ஆக்சிஜன் அளவுக்கேற்ப மாறிக்கொண்டிருக்கிறது. புரதங்களின் பட்டியல் இரண்டு இடத்திலும் ஒன்றே, பிணைப்புதான் வேறு.

முதுமையும் இந்த வலையில்தான் பதிவாகிறது. நூறு நாளைத் தாண்டும்போது, பழுதடைந்த ஹீமோகுளோபின் பேண்ட் 3-இன் அதே உட்பக்கத்தில் ஒட்டி, தனித்தனியே இருந்த பேண்ட் 3-களைக் குவியலாக்குகிறது. பேண்ட் 3-ஐப் பிடிக்கும் எதிர்ப்பொருள் நம் எல்லோர் ரத்தத்திலும் இயல்பாகவே கொஞ்சம் சுற்றுகிறது. அதன் பிடி பலவீனமானது. ஒரு கையால் தொட்டால் வழுக்கிவிடும். இளம் அணுவில் பத்து லட்சம் பேண்ட் 3 இருந்தும் அதற்கு ஒட்ட முடிவதில்லை. குவியலில் இரண்டு பேண்ட் 3 பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும்போது, இரு கையாலும் பிடித்துக்கொள்கிறது. விழுங்கணு வந்து அந்த அணுவை எடுத்துக்கொள்வது அதன் பிறகுதான்.